தாடையை முன்னிழுக்கும் கருவி

சரக்குக் கிடங்கின் பெரிய கிரேனை இயக்குபவர், இரும்புச் சட்டங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த வேளையில் கண்ணயர்ந்தார். கீழே நின்று கைச்சைகை காட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. அவன் தொண்டை கிழியக் கத்திய பிறகே மேலிருந்தவர் விழித்தார். எவருக்கும் அடிபடவில்லை. ஆயினும், அன்று மாலையே மேற்பார்வையாளர் அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்.

மருத்துவப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. உறக்கத்தில் அவருடைய நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்தன. மூச்சு நின்று நின்று வந்தது. நிற்கும்போதெல்லாம் மூளை அவரை அரைகுறையாக எழுப்பியது. இரவு முழுவதும் படுத்திருந்தாலும் அவர் உறங்கவில்லை என்பதே இதன் பொருள். உறக்க மருத்துவர் முதலில் காற்றழுத்த முகமூடி ஒன்றைக் கொடுத்தார். ஆனால் உறக்கத்தில் கிரேன்காரர் அறியாமலே அவருடைய கை அதைப் பிடுங்கி எறிந்தது. காலையில் பார்த்தால் முகமூடி கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

“உங்களுக்கு ரொம்ப முத்தின நிலை இல்ல. வாய்க்கருவி போட்டுப் பாக்கலாம்,” என்று கூறி, மருத்துவர் அவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

பல் மருத்துவர் ஓர் இளம்பெண். அவர் அச்செடுத்துச் செய்வித்த கருவியில், மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் இருந்தன. இரு பக்கமும் சிறு திருகாணிகள். அவற்றைத் திருகத் திருகக் கீழ்த்தாடை சற்றே முன்னால் வரும். தாடையுடன் நாக்கும் வரும். தொண்டையில் வழி திறக்கும்.

“ஒரேயடியா திருகிடாதீங்க சார், தாடை வலிக்கும். கழுவுறதுக்குப் பச்சத்தண்ணி போதும். வெந்நீர் பக்கமே கொண்டு போகாதீங்க,” என்றார் அவர்.

கிரேன்காரர் திருகும் முறையை மட்டும் மனைவியிடம் விளக்கினார். கழுவுவது தம் வேலை என்பதால் மற்றதைச் சொல்லவில்லை.

தொடக்கத்தில் எச்சில் ஊறித் தலையணையை நனைத்தது. காலையில் பற்கள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. மைத்துனன் வீட்டுக்கு வந்து கருவியைக் கண்டபோது அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“குத்துச்சண்டைக்காரர் மாதிரி இருக்கீங்க மச்சான். எதிராளி யாரு, எங்க அக்காவா?”

“உங்க அக்காவை ஜெயிக்க இதெல்லாம் பத்தாது மாப்ள.”

ஆனால் நாளடைவில் குறட்டை அடங்கியது. பகலில் கண்களைச் செருகவைத்த அசதியும் விலகியது. கருவியை அணிந்தபடி மீண்டும் ஓர் இரவுப் பரிசோதனை செய்து, மூச்சு நிற்கவில்லை என்று மருத்துவர் சான்றளித்தால், அவர் மறுபடியும் கிரேனில் ஏறலாம். மாத இறுதிவரை இடத்தை வைத்திருப்பதாக மேற்பார்வையாளர் கூறியிருந்தார். அதற்குமேல் வேறொருவரை ஏற்றிவிடுவார்.

மனைவிக்கு மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவில் வேலை. கத்தி, கத்தரி, இடுக்கி அனைத்தையும் துணியில் சுற்றி நீராவிப் பெட்டியில் அடுக்குவார். நீராவி காணாத எதையும் சுத்தம் என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டின் தண்ணீர்க் குவளைகளும் அந்தக் கண்டிப்புக்குத் தப்பியதில்லை. பரிசோதனைக்கு முந்தைய நாள் மாலை, அவர் கைப்பையோடு வாசலிலேயே நின்றார்.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. திட்டக் கூடாது.”

பையிலிருந்து எடுத்த துணிச்சுருளை விரித்ததும் வாய்க்கருவி தெரிந்தது. அதன் கீழ்த்தகடு வெயிலில் காய்ந்த செருப்பைப் போல வளைந்திருந்தது.

“நாளைக்குப் பரிசோதனை, அழுக்கோட போகக் கூடாதேன்னு பெட்டியில வச்சேன்.”

“அழுக்கா? தினமும் பிரஷ் போட்டுக் கழுவுறேனே!”

“தண்ணியில கழுவினா கிருமி சாகுமா? எங்க பிரிவுல…”

“உங்க பிரிவுல வேகவைக்கிறது இரும்பு. இது பிளாஸ்டிக்கும்மா!”

“எங்கிட்ட யாரு சொன்னா?”

கிரேன்காரர் வளைந்ததை வாயில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டுமே பதிந்தது. பல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, அதை அணியவே கூடாது என்றும், புதியது செய்ய இரண்டு வாரமாகும் என்றும் கூறினார். இந்தப் பரிசோதனையை விட்டால் அடுத்தது மாதம் முடிந்த பிறகுதான்.

“முகமூடியைப் போட்டுக்கிட்டுப் போங்க,” என்றார் மனைவி. “துணைக்கு ஒருத்தர் இருக்கலாம்னு சொல்லியிருக்காங்கல்ல? நான் உங்க கையைப் பிடிச்சுக்கறேன்.”

கருவி வளைந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவ்வாறே செய்தார்கள். கை எழும்பியபோதெல்லாம் மனைவி அதைப் பிடித்து மெல்லக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை, உறக்க மருத்துவர் முடிவுகளைப் பார்த்து மகிழ்ந்தார். “மூச்சு நிக்கவே இல்ல. இப்படியே தினமும் முகமூடி போடுவீங்கன்னா, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

மேசைக்கு அடியில் மனைவி அவருடைய முழங்காலை அழுத்தினார். ‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கிரேன்காரர் அந்தக் கையை விலக்கினார்.

“போட மாட்டேன் டாக்டர். என் கை விடாது. நேத்து இவ பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பாதி நாள் இவளுக்கு நைட் டூட்டி.”

மருத்துவர் பேனாவை மூடினார். “அப்போ புதுக் கருவி வரட்டும். அதைப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்.”

வெளியே வந்ததும் மனைவி குமுறினார். “ரெண்டே வாரம்! எப்படியாவது சமாளிச்சிருக்கலாமே? நான் பண்ணின தப்புக்கு உங்க இடம் போகணுமா?”

“கீழ நிக்கிறது உன் தம்பி.”

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, “இதை அவங்கிட்ட சொல்லி வைக்காதீங்க. தலைக்கு மேல ஏறி உக்காந்துப்பான்,” என்றார்.

மாதம் முடிந்தது. வேறொருவர் கிரேனில் ஏறினார். இனி ஓர் இடம் காலியாகும்போது பார்க்கலாம் என்று கூறிய மேற்பார்வையாளர், கிரேன்காரரைத் தரையில் சைகை காட்டும் பணிக்கு மாற்றினார். பின்னர், புதிய கருவியுடன் நடந்த பரிசோதனையில் அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவர் தரையில் நின்றார்.

“நிமிர்ந்து நில்லுங்க மச்சான்,” என்றான் பக்கத்தில் நின்ற மைத்துனன். “மேல இருக்கறவருக்கு உங்க கையே தெரியல, தொப்பைதான் தெரியுது.”

“அவரு முழிச்சிருக்காரான்னு முதல்ல பாரு.”

“உங்களை மாதிரி இல்ல. நல்லா முழிச்சிருக்காரு.”

கிரேன்காரர் தலையை உயர்த்தித் தாமும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டார். அதன் பிறகே, பாரத்தை இறக்கலாம் என்று கையைக் காட்டினார்.