பலகைக்கு அடியில் ஒரு சாண்

நான் உட்கார்ந்தே கெட்டவன். என் மனைவி நின்றே கெட்டவள். பஸ் ஓட்டுகிறவனுக்கு இடுப்பு போவதும் பல் செய்கிறவளுக்கு முட்டி போவதும் உலக வழக்கம்தான். ஆனால் இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தால் சாப்பாட்டு நேரம் விசித்திரமாகிவிடுகிறது. அவள் நாற்காலியில் சரிந்து கிடப்பாள். நான் சமையல் மேடைமேல் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுவேன். "நாலு நாற்காலி கிடக்கு, குதிரை மாதிரி நின்னுக்கிட்டே திங்கறீங்க" என்று முன்பெல்லாம் சொல்வாள். இப்போது அதையும் சொல்வதில்லை. எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனதற்குக் கோபம் காரணமில்லை. அலுப்புதான்.

பல் செய்கிறவள் என்றால் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்கிக் கொடுக்கும் பட்டறையில் வேலை. அங்கே நாலு பேருக்குமாக ஒரே நீளப் பலகை, நின்று வேலை பார்க்கிற உயரத்தில். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று இப்போதைய முதலாளியின் அப்பா போட்டது. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அவள் அந்தப் பலகையின் ஜன்னலோர முனையில் நிற்கிறாள்.

இனி நின்று வேலை செய்யக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர். "பலகைக்குத் தக்கபடி உயரமா ஒரு நாற்காலி பாத்து எடுத்துக்கங்கம்மா. ஒத்துவரலைன்னா கீழ பேக்கிங்ல உக்காந்துக்கலாம். உங்களை யாரு போகச் சொல்றா" என்றாராம்.

பேக்கிங் என்பது முடிந்த பற்களைப் பஞ்சில் பொதிந்து டப்பாவில் போட்டு ஒட்டுவது. இதை என்னிடம் சொல்லிவிட்டு வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அடுத்தவங்க செஞ்ச பல்லுக்கு நான் மூடி போடணும்" என்றாள்.

ஆகவே என் வாராந்திர விடுமுறையில் நாற்காலிக் கடைக்குப் போனோம். பெரிய கடை. முதலாளிகள் சாயும் நாற்காலிகள் வாசலருகே கொலுவிருந்தன. உயரமானவை மாடியில். படி ஏறும்போது அவள் கைப்பிடியைப் பிடித்தாள். நான் என் இடுப்பைப் பிடித்தேன். எங்களை அழைத்துப்போன விற்பனையாளர், டை கட்டிய நடுவயதுக்காரர், திரும்பிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு சார் நாற்காலி?" என்றார்.

"எனக்குத்தான். இவரு உக்காந்த பாவத்தை வீட்ல நின்னு கழிக்கிறாரு" என்றாள் அவள்.

முதலில் ஒரு நாற்காலியைக் காட்டினார். நல்ல தடிமனான மெத்தை, கை வைக்கக் கட்டை, இடுப்பைத் தாங்கும் வளைந்த முதுகு, கால் பதிக்க அடியில் ஒரு இரும்பு வளையம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இப்படி ஒன்று என் பஸ்ஸில் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்ததும் விற்பனையாளர் லிவரை அழுத்த அழுத்த மெல்ல மேலே வந்தாள். நான் நின்றுகொண்டிருக்க, உட்கார்ந்திருக்கும் அவள் முகம் என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. காதோரம் இவ்வளவு நரைத்திருக்கிறது என்று நான் கவனித்ததே இல்லை. அவளும் என்னிடம் எதையோ பார்த்தாள்போல.

"சும்மா உக்காந்து பாத்தா என்ன தெரியும்? செதுக்கிப் பாக்கணும்" என்றாள். கைப்பையிலிருந்து மெழுகுக் கட்டியையும் சின்னக் கத்தியையும் எடுத்தாள்.

மாடியில் இருந்த உயரமான பலகை ஒன்றே ஒன்று, பில் போடும் கவுன்டர். அவள் எழுந்து போய் அதன்மேல் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். "இதே உயரம்தான்" என்றாள். ஆனால் கவுன்டரின் முன்பக்கம் அடைத்திருந்தது. உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். பில் போடும் பெண் சிரித்துக்கொண்டே தன் நாற்காலியை ஒதுக்கி, "உள்ள வாங்கக்கா, நீங்களே பில்லும் போட்டுடுங்க" என்றாள்.

என் மனைவி கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து செதுக்க ஆரம்பித்தாள். பில் போட வந்த இரண்டு பேர் வந்த காரியத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெழுகிலிருந்து ஒரு கடைவாய்ப்பல் மெதுவாக வெளியே வந்தது.

"பார்த்தா நிஜப் பல்லு மாதிரியே இருக்கு! எங்க மாமியாருக்கு ஒரு செட்டு சொல்லலாமாக்கா?" என்றாள் பில் போடும் பெண். பிறகு அவளே, "வேண்டாம், இருக்கற ரெண்டு பல்லோட கடியே தாங்க முடியல" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நாற்காலி அமைந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். அவள் முட்டிகள் கவுன்டருக்கு அடியில் வசதியாக நுழைந்திருந்தன. அதைப் பார்த்தபோதுதான் கேட்டேன்.

"உங்க பலகைக்கு அடியில என்ன இருக்கு?"

கத்தி நின்றது. "அடியிலயா?"

"கால் எங்க போகும்னு கேக்கறேன்."

அவள் யோசித்தாள். அந்தப் பலகையின் ஒவ்வொரு கீறலும் அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் மெழுகு ஒட்டும், எங்கே மத்தியான வெயில் விழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் நிற்கிறவர்களுக்குப் பலகை என்றால் மேல்பக்கம் மட்டும்தான். அவள் கால்கள் ஒருநாளும் அதற்கு அடியில் போனதில்லை.

"தெரியலீங்க" என்றாள். சின்னக் குரல்.

பட்டறையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவரை போனில் கூப்பிட்டாள். அவருக்கு அங்கே சுண்ணாம்பு என்று பட்டப்பெயர். அச்சு வார்ப்பவர், பொடி படிந்து எப்போதும் தலைமயிர் வெளுத்திருக்கும்.

"பலகைக்கு அடியிலயா? நான் என்னிக்குக்கா அங்க பாத்தேன்? இருங்க, குனியறேன். ஐயய்யோ, என் முதுகு... அக்கா, தூசி விழற தகரத்தட்டு போகுதுக்கா. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும்."

"எவ்ளோ கீழ தொங்குது?"

"பலகையில இருந்து ஒரு சாண். ஒட்டினாப்ல ரெண்டு விரல் சேத்துக்கங்க."

"என் பக்கம் மட்டும் கழட்ட முடியுமா?"

"நாலு பேருக்கும் ஒரே தட்டுக்கா. உங்களுக்குக் கழட்டினா எங்க மூணு பேருக்கும் பவுடர் பூசின மாதிரிதான். எனக்கென்ன, நான் ஏற்கெனவே வெள்ளை."

அவள் சிரிக்காமல் போனை வைத்தாள்.

விற்பனையாளர் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, கவுன்டருக்கு அடியில் ஒரு சாணும் இரண்டு விரலும் விட்டு அதைத் தட்டுபோலப் பிடித்துக்கொண்டார். நாற்காலி உள்ளே போகவில்லை. கைக்கட்டை இடித்தது. அதைக் கழற்றினார். தொடை இடித்தது. தொடை நுழையும்வரை இறக்கியதும், பலகை அவள் மார்புக்கு வந்துவிட்டது. தோள்கள் காதைத் தொடத் தூக்கிக்கொண்டு இன்னொரு பல் செதுக்கினாள். முடித்ததும் இரண்டு பற்களையும் அருகருகே வைத்தாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் இரண்டாவதை விரலால் நசுக்கிவிட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று மெத்தை தடிமன். ஒன்று உயரம் போதவில்லை. இன்னொன்று உருண்டுகொண்டே இருந்தது. பில் போடும் பெண் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அட்டையைப் பிடித்துப் பிடித்து விற்பனையாளருக்குக் கை கடுத்திருக்கும், அவர் முகத்தில் மரியாதை மட்டும் மிச்சமிருந்தது. கீழே பேக்கிங் மேசை சாதாரண உயரம், சாதாரண நாற்காலி போதும் என்பது என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு மூலையிலிருந்து அவர் எடுத்துவந்ததை நாற்காலி என்றே சொல்ல முடியாது. ஒரு தண்டு, அதன்மேல் முன்பக்கம் சற்றே சரிந்த மெல்லிய இருக்கை, அடியில் வளையம். முதுகு இல்லை. "பாதி நின்னு பாதி உக்கார்ற மாதிரி மேடம். நிறைய பேர் கேக்க மாட்டாங்க" என்றார்.

அவள் ஏறினாள். தொடை கீழ்நோக்கிச் சரிந்ததால் அட்டைக்குக் கீழே தாராளமாகப் போயிற்று. முழங்கை தானாகப் பலகையில் வந்து அமர்ந்தது. செதுக்கினாள். பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், முதல் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். நசுக்கவில்லை.

"இதுல சாய முடியாது" என்றேன்.

"செதுக்கும்போது யாரு சாயறா?"

"இப்போ தெரியாது. எனக்கும் முதல்ல தெரியல. கொஞ்ச வருஷம் போனா இடுப்பு கேக்கும்."

"கேக்கட்டும்."

"முட்டி போனது போதாதா உனக்கு?"

அவள் மெழுகுத் துருவலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தாள். "முட்டி போச்சுன்னு இங்க வந்தோம். இடுப்பு போச்சுன்னா அப்போ வேற எங்கயாவது போவோம். கீழ மட்டும் போகச் சொல்லாதீங்க."

என் சீட்டை நான் தேர்ந்தெடுத்ததில்லை. அது வண்டியோடு வந்தது, வலி சீட்டோடு வந்தது. இவளிடமாவது எந்த வலி வேண்டும் என்று கேட்கிறார்கள். அதை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தப்பு என்று சொல்லவும் வரவில்லை.

அவள் கால்கள் வளையத்துக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. கவுன்டருக்குப் பின்னால் போய், தரையில் ஒரு கையை ஊன்றி, மெதுவாக முட்டிபோட்டேன். இடுப்பில் ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. வளையத்தின் திருகைத் தளர்த்தி இரண்டு விரல் உயர்த்தி, பாதம் முழுதாகப் பதிகிறதா என்று கையால் பிடித்துப் பார்த்து, இறுக்கினேன்.

"ஏங்க, எழுந்திருக்க முடியுமா உங்களால?" என்றாள் மேலேயிருந்து.

"முடியாது. நீ இன்னொரு பல்லு செதுக்கு."