தாழ்ப்பாள் இல்லாத முகாம்

பூட்டுக்காரர் யாரையும் நம்ப மாட்டார். தொழில் அப்படி. சாவியைத் தொலைத்தவன் தொலைத்தேன் என்று சொல்ல மாட்டான், பூட்டு சரியில்லை என்பான். இது என் வீடுதான் என்று கூட்டிக்கொண்டு போகிறவன் வீட்டுக்காரன்தானா என்று பக்கத்து வீட்டில் கேட்ட பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். இப்படியே காலம் தள்ளினவருக்கு, சிரித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் தன்னால் கை இடுப்புச் சாவிக்குப் போகும்.

அப்படிப்பட்ட மனுஷன், பெற்ற ஒரே பெண்ணைக் கோடை முகாமுக்கு அனுப்பச் சம்மதித்தார் என்றால் அது பெண்டாட்டியின் சாமர்த்தியம். அவள் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். ஏரிக்கரையில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு முகாம் நடக்கிறது. அதன் போர்வை, தலையணை உறையெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். முகாமை நடத்துகிற அம்மாள் ஒருநாள் துணி எடுக்க வந்த இடத்தில், உங்கள் பெண்ணையும் அனுப்பலாமே என்று வாயை விட, இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணோ, அன்றைக்கே துணியை அடுக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு பெண்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டில் ஆம்பளை பேச்சு எடுபடுமா?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பட்டாணி தூக்கத்தில் நடப்பாள். கண் திறந்திருக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பாள். சமையலறைக்குப் போய் நிற்பாள், வாசல் கதவைத் தடவுவாள். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. வைத்தியர், வயசானால் போய்விடும், எழுப்பாதீர்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பத்திரம் என்றால் பூட்டுக்காரருக்கு ஒரே அர்த்தம்தான். வாசல் கதவின் உச்சியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், நல்ல கனமான பூட்டு ஒன்றைப் போட்டார். சாவி அவர் இடுப்பில். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று அவர் நினைப்பு. சொந்தக்காரர் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

முகாம் தொடங்குவதற்கு முன்னால் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். நடத்துகிற அம்மாளைப் பிள்ளைகளும் பெற்றவர்களும் மேடம் என்றே கூப்பிட்டார்கள். மேடம் நிறையச் சொன்னார். பிள்ளை கையில் போன் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு நாள் அழும், பயப்படாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நடுவில் எட்டிப் பார்க்க வராதீர்கள். ஒரு பிள்ளையின் அப்பாவைக் கண்டால் மற்றப் பிள்ளைகளெல்லாம் வீட்டை நினைத்துக்கொள்ளும், ஆகையால் வந்தவர் தன் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், அதுதான் விதி. பார்க்க வராதே என்கிற இடத்தில் என்னத்தையோ மறைக்கிறார்கள் என்று பூட்டுக்காரர் மனசுக்குள் முடிச்சுப் போட்டதில், அதற்குப் பிறகு மேடம் பேசின பாதி அவர் காதில் ஏறவில்லை.

கூட்டம் முடிந்ததும் மேடம் ஒவ்வொரு பெற்றோரையும் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரியில் பிள்ளைக்கு ஏதாவது பழக்கம் உண்டா, பயம் உண்டா, படுக்கையை நனைப்பாளா, எதுவானாலும் சொல்லுங்கள், எங்களைத் தாண்டிப் போகாது என்று கேட்டார். பெண்டாட்டி வாயைத் திறந்தாள். பூட்டுக்காரர் அவள் காலை மிதித்தார்.

"ஒண்ணும் இல்லீங்க. படுத்தா கட்டை மாதிரி கிடப்பா" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பெண்டாட்டி வறுத்தெடுத்தாள். சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் கட்சி. சேர்த்துக்கொண்டாலும் நாலு பேர் வாயில் விழுந்து பிள்ளை அரைபடும். அத்தனை பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் ராத்திரி கதவைப் பூட்டாமலா இருப்பார்கள்? பூட்டின கதவைத் தாண்டி இவள் எங்கே நடக்கப் போகிறாள்?

"உங்களுக்குக் கதவைத் தவிர வேற எதுவும் தெரியாது" என்றாள் அவள்.

முகாம் தொடங்கின அன்று பெட்டியோடு பட்டாணியைக் கொண்டுபோய் விட்டார்கள். பெற்றோருக்கு வாசல் கேட்டோடு சரி. பட்டாணி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். பூட்டுக்காரர் கேட்டில் தொங்கின பூட்டைப் பார்த்து மட்ட ரகம் என்றார்.

மறுநாள் காலை சலவை நிலையத்து வேன்காரர், வண்டிக் கதவு சாவி உள்ளே மாட்டிக்கொண்டது என்று கடைக்கு வந்தார். வேலை நடக்கும்போது வாய் சும்மா இருக்காத ஆள். அன்று மத்தியானம் ஏரிக்கரை முகாமுக்குத்தான் சவாரி என்றார். அது ஒரு வேடிக்கையான இடம் என்றும் சொன்னார்.

"எந்த ரூமுக்கும் தாழ்ப்பாளே கிடையாதுண்ணே. தீ கீ பிடிச்சா பிள்ளைங்க உடனே வெளியில ஓடி வரணுமாம். தள்ளினா கதவு திறந்துக்கும். படி இறங்கினா ஏரி."

பூட்டுக்காரர் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது. பூட்டாத கதவு. எதிரில் தண்ணீர். நடுவில் தூக்கத்தில் நடக்கிற பெண்.

ஒரு போன் போட்டு உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கதை முடிந்திருக்கும். ஆனால் பொய் சொன்னவனுக்கு எல்லா வழியும் தெரியும், நேர் வழி மட்டும் கண்ணில் படாது. இப்போது சொன்னால், மறைத்ததற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேரில் போனாலும் விதிப்படி கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஓடின ஓட்டத்தைப் பார்த்த பிறகு அவளைப் பாதியில் கூட்டிவர அவருக்கு மனசில்லை. ஆகையால் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைக் கையில் எடுத்தார். துளை போடுகிற மிஷின், நாலு ஸ்குரூ, கதவின் உச்சியில் மாட்டத் தோதாக ஒரு தாழ்ப்பாள். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, துணி மூட்டை இறக்க ஒத்தாசைக்கு வருகிறேன் என்று வேனில் ஏறினார். வேன்காரர் சந்தோஷப்பட்டார். இனாமாக ஒரு முதுகு கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம் பிள்ளைகளெல்லாம் ஏரியில். கத்தலும் சிரிப்பும் கரைவரை கேட்டது. பூட்டுக்காரர் போர்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை அறையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓர் அறையில் தான் கொண்டி வைத்துக் கொடுத்த பட்டாணியின் பெட்டியைக் கண்டுபிடித்தார். பெட்டி ஆவென்று திறந்து கிடந்தது. வரிசையாகக் கட்டில்கள், சன்னலில் ஈரத் துண்டுகள், ஒரு காலுக்கு மட்டும் செருப்பு. திருடன் வந்தால் என்ன எடுப்பது என்று குழம்பிப் போவான்.

கதவு வேன்காரர் சொன்ன மாதிரியே வெறும் பலகை. பூட்டுக்காரர் ஒரு முக்காலியைப் போட்டு ஏறினார். முதல் துளை போட்டார். இரண்டாவது துளைக்கு மிஷினை வைக்கும்போது பின்னாலிருந்து விசில் கேட்டது. கழுத்தில் விசில் தொங்க, தலையில் தண்ணீர் சொட்ட ஒரு இளம்பெண் நின்றாள். அந்த அறைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விசில் அக்கா.

"யாரு நீங்க? என்ன பண்றீங்க?"

"தாழ்ப்பாள் போடுறேன்மா. ஆபீஸ்ல சொன்னாங்க."

"எந்த ஆபீஸ்ல?"

மற்றவர்களின் பொய்யை மோப்பம் பிடிக்கிறதில் கெட்டிக்காரர், தானே சொல்லும்போது கோட்டை விட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், முக்காலி ஆடியது. விசில் அக்கா மிஷினை வாங்கி வைத்துக்கொண்டு, மேடத்தைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். மேடம் வந்து கதவைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"பட்டாணியோட அப்பாதானே நீங்க?"

இனி மறைத்து என்ன பயன்? பூட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்து உள்ளதைக் கொட்டினார். பிள்ளை தூக்கத்தில் நடப்பாள் என்றார். வீட்டில் கதவின் உச்சியில் பூட்டு உண்டு என்றார். கேட்டபோது பொய் சொன்னது தான்தான், பெண்டாட்டி அல்ல, பிள்ளை அல்ல என்றார்.

விசில் அக்கா சிரித்துவிட்டாள்.

"அது எங்களுக்கு நேத்தே தெரியும் சார்."

வந்த அன்று சாயங்காலமே பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, அவரவர் தூங்குகிற லட்சணத்தை அவரவரே சொல்லச் சொல்வது இங்கே வழக்கமாம். முதலில் கை தூக்கினவள் பட்டாணி. நான் நடப்பேன், யாரும் பயப்படாதீங்க, கையைப் பிடிச்சுத் திருப்பி விட்டா போதும் என்றாளாம். அதைக் கேட்டதும் ஒருத்தி பல்லைக் கடிப்பேன் என்றாள், ஒருத்தி பொம்மை இல்லாமல் தூக்கம் வராது என்றாள், ஒருத்தி சொல்ல வேண்டியதை விசில் அக்கா காதில் மட்டும் சொன்னாள். பெற்றவர்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒண்ணும் இல்லை என்றுதான் சொல்வார்கள், பிள்ளைகள் விளக்கு வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றார் மேடம். பட்டாணியின் கட்டிலை உள்சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். விசில் அக்கா தன் படுக்கையை வாசற்படிக்குக் குறுக்கே போட்டுக்கொண்டாள்.

"ராத்திரி எழுந்து வந்தா. என் வயித்துல கால வச்சா. எங்கம்மா கிளம்பிட்டேன்னு கேட்டேன். கடை திறக்கணும்னா. இன்னிக்குக் கடை லீவும்மான்னேன். சரின்னு போய்ப் படுத்துட்டா."

பூட்டுக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் பிள்ளை எங்கே போகத் துடிக்கிறாள் என்று பயந்து பயந்து பூட்டினாரே, அவள் போகப் பார்த்தது அவருடைய கடைக்குத்தான். ஒரு நாளாவது எங்கம்மா போறே என்று கேட்டிருப்பாரா? கேட்கவில்லை. பூட்டினால் கேட்க வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து ஏரியிலிருந்து பிள்ளைகள் திமுதிமுவென்று வந்துவிட்டார்கள். முன்னால் பட்டாணி. அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப் போயிற்று. கண் மேடத்திடம் ஓடியது, மறுபடி அப்பாவிடம் வந்தது. நடுவில் வந்த அப்பா என்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அந்த விதி அவளுக்கும் தெரியும். விதி போட்ட மேடத்துக்கே அதைச் சொல்ல வாய் வராத நேரம் உண்டு.

பட்டாணி கதவைப் பார்த்தாள். துளையைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"மேடம், இவரு பூட்டு வேலைக்கு வந்தவரு. தப்பான கதவுல ஓட்டை போட்டுட்டாரு. அடைச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன் மூக்கு மாதிரியே இருக்கு அவருக்கு."

"மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கும்" என்றாள் பட்டாணி.

எல்லோரும் பூட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் நினைத்தால், வாடி கண்ணு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஏரி அங்கேயேதான் இருந்தது, கதவு வெறும் பலகையாகவேதான் இருந்தது. தாழ்ப்பாளை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"தப்பு என்னுதுதாங்க பாப்பா. இப்ப சரி பண்ணிடறேன்" என்றார்.

மேடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்றார்.

பூட்டுக்காரர் வெளியே கிடந்த ஒரு குச்சியைப் பொறுக்கி, சீவி, பசை தடவித் துளையில் அடித்தார். நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து, உப்புத்தாள் போட்டு இழைத்தார். பிள்ளைகள் ஈரத் தலையோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பட்டாணி பக்கத்திலேயே நின்று, கேட்காமலே உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் விரல் அவர் விரலை ஒரு பிடி பிடித்துவிட்டு விட்டது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் அந்தப் பல் விழுந்தவள் முக்காலியில் ஏறித் தடவிப் பார்த்துவிட்டு, சுமாராக இருக்கிறது என்றாள். சாப்பாட்டு மணி அடித்தது. பட்டாணி மற்றவர்களோடு ஓடிவிட்டாள். இந்தத் தடவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

மேடம் வேன் வரைக்கும் கூட வந்தார். அடுத்த தடவை கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள் என்றார். பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஒரு காலை வேனில் வைத்தார். வைத்த காலை எடுத்தார்.

"இடது காதுல தண்ணி போனா அவளுக்குச் சீழ் வரும்மா. பஞ்சு வைக்கணும். வைக்க மாட்டேம்பா, நீங்க வச்சு விடணும்."

சரி என்றார் மேடம்.

"கோவம் வந்தா சாப்பிட மாட்டா. கெஞ்சக் கூடாது. தட்டை அங்கேயே வச்சுட்டுப் போயிடணும். தானா சாப்பிடுவா."

அதற்கும் சரி என்றார்.

இடி இடித்தால் தைரியசாலி மாதிரி நடிப்பாள், நம்பாதீர்கள் என்றார். தலை வார விட மாட்டாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வார வேண்டும் என்றார். சொந்தத் தம்பியிடம் சொல்லாததையெல்லாம், நேற்றுவரை சந்தேகப்பட்ட ஒரு அம்மாளிடம் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். வேன்காரர் ஒரு தரம் ஹாரன் அடித்தார், இரண்டு தரம் அடித்தார்.

"அண்ணே, பின்னால ஈரத் துணி நாறுது. கிளம்பலாமா?"

"இருய்யா" என்றார் பூட்டுக்காரர். "இன்னும் பாதிகூடச் சொல்லலை."