மூடிய அடுப்பின் முன்னால்

காய்ச்சல் போனபோது அக்காவின் மூக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ரொட்டிக்கடை நடத்துகிறவளுக்கு மூக்குதான் கடிகாரம். பன் வெந்துவிட்டதா என்று அவள் அடுப்பைத் திறந்து பார்த்ததே கிடையாது. மேலே தடவிய சர்க்கரை உருகி நிறம் மாறும்போது எழும் மணம் சொல்லிவிடும். இப்போது மணியடிக்கும் கருவியை நம்ப வேண்டியிருக்கிறது. இன்றைய மாவில் எவ்வளவு ஈரம் என்று கருவிக்குத் தெரியுமா? தட்டுத் தட்டாகப் பன்கள் கருகின. அடுப்பையே விற்றுவிட முடிவெடுத்தாள். வாங்குபவர் மாலையில் வருகிறார்.

வாசல் பலகையில் எழுதுவது தம்பியின் வேலை. அன்று காலை பட்டைத்தூள் பன்னுக்கு முன்னால் ‘மவுத்வாட்டரிங்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தான்.

“அதை அழிடா. எனக்கு அட்டையத் தின்ன மாதிரி இருக்கு. ருசியே தெரியாம நான் எப்படி ஊருக்குச் சொல்றது?”

விளக்கம் சொல்வதென்றால் தம்பிக்குச் சர்க்கரை தின்பது போல. தின்று பார்த்துவிட்டு ‘டெலிஷியஸ்’ என்கிறோம். ‘மவுத்வாட்டரிங்’ பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே வந்துவிடும் சொல் என்றான். பண்டம் கண்ணில் படுகிறது, அல்லது மணம் வருகிறது. நாக்கில் வைப்பதற்குள் வாயில் நீர் சுரக்கிறது. எச்சில் ஊறுது என்கிறோமே, அதேதான். ஆனால் அடைமொழி பசித்தவனுக்கு இல்லை, எச்சில் ஊறச் செய்த பண்டத்துக்கு.

“அப்ப எனக்கு ஊறணும்ல? தினம் பாக்கறேன், ஒண்ணும் ஊறலை.”

தம்பி பலகையை அழிக்கக் கிளம்பினான். ஈரத்துணியை எடுத்தான். அக்கா விடவில்லை. அடுப்பு வாங்க வருபவரிடமும் இப்படித்தான் அளக்கப் போகிறாயா என்று திட்டிக்கொண்டே மாவு மேசையைத் துடைத்தாள். நடுவில் நிறுத்தி எச்சிலை விழுங்கினாள். மறுபடி திட்ட ஆரம்பித்து, மறுபடி விழுங்கினாள்.

தம்பி துணியைக் கீழே வைத்தான். “எதைப் பாத்துக்கா ஊறுது?”

மேசையில் மாவுத்தூளைத் தவிர எதுவும் இல்லை. பன்கள் எல்லாம் மூடிய அடுப்புக்குள். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை.

அக்கா மெல்ல அடுப்பருகே போய் நின்றாள். “லேசாத்தான் வாசனை வருது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசற மாதிரி.”

மணி இன்னும் அடிக்கவில்லை. அவள் திறந்துவிட்டாள். பன்களின் மேல் சர்க்கரை பொன்னிறமாக நுரைத்துக்கொண்டிருந்தது.

பலகையில் இன்னொரு சொல் சேர்க்கத் தம்பி சாக்கட்டியைத் தேடினான்.

“அது கிடக்கட்டும். மொதல்ல அடுப்பு வாங்க வர்ற ஆளுக்கு ஒரு போனப் போடு, வர வேணாம்னு.”