பதினைந்து நாளாகத் தெரியும்

உம்மாவின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த றுஷ்தாவின் கை பாதியில் நின்றது.

"நேத்துப் பின்னேரம் உதடு விறைக்குது எண்டாங்க," என்றாள் ஹுஸ்னியா, அண்ணன் இஹ்ஸான் காக்காவின் மனைவி. செம்பிலிருந்து தண்ணீரை மெல்ல வார்த்தபடியே சொன்னாள். "பிறகு நாக்குத் தடிச்சிட்டு. மஃரிபு பாங்குக்குள்ள எழும்ப ஏலாமப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விடியச் சுபஹுக்கு முந்தி மூச்சு நிண்டுட்டு."

"என்ன சாப்பிட்டாங்க மச்சி?"

"மட்டி."

இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டும் இடத்தில் சத்தம் போடக் கூடாது. றுஷ்தா வலப்பக்கம் கழுவினாள், இடப்பக்கம் கழுவினாள், உம்மாவின் தலைமயிரைக் கோதிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுச் சீட்டில் மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, சீனி வருத்தம் என்ற நீரிழிவு வேறு. கிண்ணியாவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அதுவும் நேற்று இன்றல்ல.

அவள் ஒரு மாதம் ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தவள், மௌத்துச் செய்தி கேட்டு விடியத்தான் வீடு வந்து சேர்ந்தவள். நடுக்கடலில் தண்ணீர் எடுத்து, மெல்லிய வடிகட்டியில் வடித்து, அதில் தங்கியதன் மரபணுவைப் படிப்பது அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத பாசிகளில் முக்கால்வாசி பாவம், ஒன்றும் செய்யாதவை. ஒன்றிரண்டு நஞ்சு செய்யும். அதைத் தின்னும் மட்டிச் சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, மட்டியைத் தின்னும் மனிதருக்குத்தான் ஆகும். எவ்வளவு அவித்தாலும் போகாது. பதினைந்து நாளைக்கு முன்னர் மூன்று இடங்களில் அடுத்தடுத்து அந்த நஞ்சு செய்யும் மரபணு வந்தது. நீரோட்டம் கிண்ணியா இருக்கும் திருகோணமலைப் பக்கம் திரும்பியிருந்தது.

உடனே தன் ஆராய்ச்சி நிலையத்துப் பணிப்பாளருக்கு எழுதினாள். மரபணு மட்டும் போதாது, செத்த பாசியிலும் அது இருக்கும், நுணுக்குக்காட்டியில் பார்த்து உயிருள்ளவற்றை எண்ணி உறுதிப்படுத்தும்வரை வெளியில் கதைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. விஞ்ஞானப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் இப்போது அவளை இன்னும் வெறிகொள்ள வைத்தது.

வெளியில் கதைக்க வேண்டாம் என்றால் பெற்ற தாயிடமுமா கதைக்கக் கூடாது? முந்தாநாள் கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் உம்மா போனில் கோல் எடுத்தார். வீட்டுக்கு வரும்போது என்ன ஆக்கி வைக்க என்று கேட்டார். றுஷ்தா தண்ணீர் மாதிரிப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னெண்டாலும் சரி உம்மா என்று சொல்லி வைத்துவிட்டாள். மட்டி மட்டும் வேணாம் என்று சொல்ல எத்தனை விநாடி எடுத்திருக்கும்?

பத்து மணிக்கு ஜனாஸாவைத் தூக்கினார்கள். இஹ்ஸான் காக்கா முன்பக்கம் தோள்கொடுத்தார். ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போக, பெண்கள் வீட்டில் இருந்தார்கள். மையித்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் ஆக்கிக் கொண்டுவர வேண்டும். முதலில் வந்தவர் பக்கத்து வளவு அஸ்மியா மாமி. சோற்றை இறக்கி வைத்துவிட்டுப் பெரிய சட்டியொன்றைத் திறந்தார். தேங்காய்ப்பாலில் வைத்த மட்டிக் கறி. விடியவே குடாவில் இறங்கி எடுத்ததாம், மௌத்தானவருக்கு விருப்பமான சாமானாம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் சோற்றுப் பீங்கானோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

றுஷ்தா சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய், மலசலகூடத்துக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்தபோது வீடே எழுந்து நின்றது.

"என்ன மகள் இது?" மாமியின் குரல் நடுங்கியது. "நாங்க என்ன, நஞ்சா கொண்டுவந்த?"

"ஓம் மாமி. நஞ்சுதான். உம்மாவும் இதாலதான் மௌத்தானாங்க. எனக்குப் பதினஞ்சு நாளாத் தெரியும்."

மாமி மெதுவாகக் கேட்டார்.

"உம்மாவுக்குச் சொல்லல்லயா?"

பதிலுக்கு மாமி காத்திருக்கவில்லை. தன்னோடு பதினான்கு பெண்கள் குடாவில் இறங்கியதாகவும், இந்நேரம் எல்லா வீட்டிலும் சட்டி அடுப்பில் கிடக்கும் என்றும் சொல்லிக்கொண்டே முக்காட்டை இழுத்துவிட்டு ஒழுங்கைக்கு ஓடினார். றுஷ்தா பள்ளிவாசலுக்குக் கோல் எடுத்தாள்.

காலையில் உம்மாவின் மௌத்து அறிவித்தலைச் சொன்ன மோதினார் முஹம்மது தம்பிதான் பேசினார். இப்படியான அறிவித்தலுக்குக் அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வேண்டும், யார் சொன்னதென்று சொல்வது என்று இழுத்தார்.

"என்ட பேரைச் சொல்லுங்க. நஜ்முன் நிஸாட மகள் றுஷ்தா சொன்ன எண்டு சொல்லுங்க. அந்த மட்டியாலதான் உம்மா மௌத்தானதெண்டும் சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் இரண்டு தரம் சொன்னார். ஒழுங்கையில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

கால்மணி நேரம் போகவில்லை, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுப் பணிப்பாளர் கோல் எடுத்தார். முதலில் அனுதாபம் தெரிவித்தார். அடுத்து, யாரைக் கேட்டு அறிவித்தது என்றார். ஆளை அடக்கியாகிவிட்டது, அவர் சாப்பிட்ட மட்டியில் சோதிக்க மாதிரி ஒன்றும் கையில் இல்லை, மாதிரி இல்லாமல் இது வெறும் ஊர்க்கதை என்றார். இந்த முறையும் அவர் சொன்னதில் பிழையில்லை. கைக்கு வந்த ஒரு சட்டியையும் அவளே கொட்டித் தொலைத்திருந்தாள், ஊர்ச் சட்டிகளும் அறிவித்தலோடு கொட்டுப்பட்டிருக்கும்.

"நீங்க சொன்னதைக் கேட்டதுதான் சேர் நான் செய்த பிழை," என்று சொல்லிவிட்டு வைத்தாள். போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

குசினி வாசலில் ஹுஸ்னியா நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மச்சி, உம்மா தானே குடாவில இறங்கி எடுத்த மட்டியில தனக்குக் கொஞ்சம்தான் ஆக்கின. மிச்சத்தை அவிக்காமப் பிரிஜ்ஜில வச்சிருக்காங்க. நீங்க வந்த பிறகு சுடச்சுட ஆக்கித் தரவாம்."

பிரிஜ்ஜுக்குள் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று. ஓடு நீக்கி, மண் போகக் கழுவிய மட்டிச் சதை, மூடி வரைக்கும் இருந்தது.

றுஷ்தா கப்பல் பையைத் திறந்து கையுறை போட்டாள். சதையை மூன்று பைகளில் பிரித்து அடைத்தாள். லேபலில் திகதி எழுதினாள். இடம், கிண்ணியா. அடுத்த கோட்டில் மாதிரி எடுத்தவர் என்று அச்சடித்திருந்தது. நஜ்முன் நிஸா என்று எழுதினாள். ஈரத்தில் மை கசிந்தது. லேபலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அதே பெயரை மறுபடி அழுத்தி எழுதினாள்.