விட்டுப்போன புள்ளி

மலைமேல் நாயுடுபுரத்தில் மனுவேலின் வீட்டுக்கும் பக்கத்து யூகலிப்டஸ் மரத்துக்கும் நடுவே கட்டியிருந்த நீளக் கம்பியைப் பார்த்து, துணி காயப்போடவா என்று கேட்காத ஆள் இல்லை. அது ரேடியோவுக்கான கம்பி. தந்தி ஆபீஸில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மனுவேல். அரசாங்க லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு, மதுரையிலும் பெரியகுளத்திலும் உள்ள தன்னைப் போன்ற ஹாம்களோடு, அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களோடு, மோர்ஸ் என்ற தந்தி பாஷையில் பேசுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. வாயால் பேசுகிற கருவியை அவர் வைத்துக்கொள்ளவே இல்லை. புள்ளியும் கோடும் போதும் என்பார்.

1985 அக்டோபரில், மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் கணக்கு டீச்சர் இசபெல்லா அவரைத் தேடி வந்தாள். பள்ளிக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. மோர்ஸ் ஒலியைக் கேட்டுத் திரையில் எழுத்தாகக் காட்டும் புரோகிராம் ஒன்று ஒரு பத்திரிகையில் வந்திருந்ததாகவும், மூன்று நாள் உட்கார்ந்து அதை டைப் செய்து கேசட்டில் ஏற்றிவிட்டதாகவும் சொன்னாள். அறிவியல் கண்காட்சியில் வைக்க அவருடைய ரேடியோ வேண்டும்.

மனுவேல் சிரித்தார். அந்த ரிசீவர் யுத்தகாலத்தது. சென்னை மூர்மார்க்கெட்டில் வாங்கி, இரண்டு பேர் தூக்கி வந்தது. உள்ளே இருப்பதெல்லாம் வால்வு. அதற்கும் இந்தக் கையகல யந்திரத்துக்கும் என்ன உறவு? ஆனாலும் அவருக்கே பார்க்க ஆசை வந்துவிட்டது. மறுநாள் பள்ளி ஜீப்பில் ரிசீவர் ஏறியது.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஹெட்போன் மாட்டும் துளையிலிருந்து ஒயர் எடுத்து, கம்ப்யூட்டரில் கேசட் ஒயர் போடும் துளையில் செருகினால், திரை முழுக்க E, T என்ற எழுத்துகளாகவே கொட்டியது. ரிசீவரின் கரண்ட் இரைச்சலையே கம்ப்யூட்டர் மோர்ஸ் என்று நினைத்துக்கொண்டது. இதில் ஆபத்தும் இருக்கிறது என்று மனுவேல் சொன்னார். பழைய பெட்டியின் கரண்ட் ஒரு தடவை ஒயர் வழியாக ஏறினால் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் கரியாகிவிடும். செத்துப்போன டிரான்சிஸ்டர் ஒன்றிலிருந்து சுண்டுவிரல் நுனியளவு டிரான்ஸ்பார்மரைக் கழற்றி இரண்டுக்கும் நடுவே வைக்கலாம் என்று வழி சொன்னவரும் அவர்தான். சால்டரிங் மட்டும் இசபெல்லா செய்தாள். குளிரில் விரல் விறைத்துக் கிடக்கிறது என்று அவர் கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. எங்கோ ஒரு கப்பல் நிலையம் வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. மனுவேல் காதால் கேட்டு மனத்தில் எழுதிக்கொள்ளும் அதே நேரத்தில் அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. காற்று வடகிழக்கு. அலை உயரம். ஒரு எழுத்தும் பிசகவில்லை. இசபெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். 

பிறகுதான் அவள் கேட்டாள், பிள்ளைகள் பார்க்க நீங்களே அடித்துக் காட்டுங்களேன் என்று. மோர்ஸ் அடிக்கும் சாவியோடு ஒலி எழுப்பும் சின்ன சர்க்யூட் ஒன்றைச் சேர்த்து, வெளியே சத்தம் கேட்காமல் அந்த ஒயர் வழியாகவே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். மனுவேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரையும் ஊரையும் வணக்கத்தையும் அடித்தார்.

திரையில் வந்தது எந்த மொழியும் இல்லை.

மறுபடி அடித்தார். மறுபடியும் குப்பை. மனிதக் கை அடிப்பது இதற்குப் புரியாது, மெஷின் அடிப்பதுதான் புரியும், அந்தக் கப்பல் நிலையத்தில் அடித்தது மெஷின் என்று சொன்னார். இசபெல்லா மறுத்துப் பேசவில்லை. புரோகிராமில் வேகத்தை மாற்றினாள், ஒயரைக் கழற்றிப் போட்டாள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மனுவேல் வீட்டிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற வருஷம், 1976இல், சிநேகிதர் ஒருவர் ஞாபகத்துக்காக ரேடியோவிலிருந்து பதிவு செய்து அனுப்பியது. அதில் இருப்பது அவருடைய கை. இதற்கும் குப்பையைக் காட்டினால் உங்கள் புரோகிராம்தான் தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும் டீச்சர் என்றார்.

கேசட் ஓடியது. திரையில் எழுத்து வந்தது. சுத்தமாக, இடைவெளி முதற்கொண்டு சரியாக, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மனுவேல் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

கேசட் நின்றது. இசபெல்லா மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, புள்ளி விட்டுப்போகுது. மூணு புள்ளி வர்ற எடத்துல ரெண்டுதான் விழுது. நானும் நேத்தே பாத்தேன். சொல்ல மனசு வரலை.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். கம்பளிக்கு வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல்கள் மெல்ல நடுங்கின. அவருடைய பழைய செட்டில், அனுப்பும்போது ரிசீவர் வாயடைத்துவிடும். இங்கே இந்த ஒயரில் போலவே, தான் அடிப்பது தனக்குக் கேட்காது. மனத்தில் இருப்பதையே அடித்ததாக இத்தனை நாளும் நம்பியிருக்கிறார்.

அப்போதுதான் அது மண்டையில் இடித்தது. இசபெல்லா தடுப்பதற்குள் சாவியைப் பிடித்து, ஒரே ஒரு ஊர்ப்பெயரை அடித்தார். கும்பக்கரை. KUMBAKKARAI.

திரையில் வந்தது: KAMDAKKANAE.

 நாற்காலியோடு சாயப்போனவரை இசபெல்லா பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. அந்தப் பதினோரு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் நவம்பர் மழையில் மலைச்சாலை சரிந்து, கரண்டும் டெலிபோனும் போயிருந்தன. மலைச்சரிவில் ரோடே இல்லாத வெள்ளகவி கிராமத்திலிருந்து ஒரு ஆள் ஒற்றையடிப் பாதையில் மேலே ஓடிவந்தான். ராமரின் மனைவி கருப்பம்மாளுக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது, டோலி கட்டிக் கீழே கும்பக்கரைக்குத் தூக்கிப்போகிறார்கள், அங்கே ஜீப் வேண்டும் என்றான். மனுவேல் பேட்டரியில் செட்டை ஓட்டி, பெரியகுளத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமிக்கு நாலே வார்த்தையில் செய்தி கொடுத்தார். ஊர்ப்பெயரை அவர் திருப்பிக் கேட்டபோது அதை மட்டும் இன்னொரு தடவை அடித்தார்; பேட்டரி அதற்குமேல் தாங்கவில்லை. ஜீப் போனது. ஆனால் மலைச்சாலையின் அடிவாரத்தில் இருக்கிற காமக்காபட்டிக்குப் போய் நின்றது. கும்பக்கரையில் மூன்று மணி நேரம் மழையில் கிடந்த கருப்பம்மாளை டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

அடுத்த மாதம் திண்டுக்கல்லில் ஹாம்கள் கூடினபோது, அத்தனை பேர் முன்னால், காது செவிடான ஆள் கையில் எதற்கு லைசென்ஸ் என்று பொன்னுச்சாமியைக் கேட்டவர் மனுவேல். பொன்னுச்சாமி பதில் சொல்லவில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ் பிடித்து, வத்தலக்குண்டில் மாறி, பெரியகுளம் போய் இறங்கினார். பொன்னுச்சாமி கடையில் ஒரு டேப்ரிக்கார்டரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். மனுவேலைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மனுவேல் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னார். அன்று என்ன வந்தது என்று மட்டும் கேட்டார்.

பொன்னுச்சாமி மேஜை டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். அந்தத் தேதிக்கு நேராகப் பென்சிலில் இருந்தது: KAMDAKKANAE. கீழே, திருப்பிக் கேட்டபோது வந்தது. அதுவும் அதேதான். அதற்குக் கீழே, வட்டம் போட்டு, காமக்காபட்டி.

“ரோடு சரிஞ்ச எடத்தைத் தாண்டித் தூக்கியாந்துருப்பாங்க, அதான் காமக்காபட்டின்னு நெனச்சேன்,” என்றார் பொன்னுச்சாமி. “யூகிச்சது நான்தாண்ணே. என் தப்பும் இதுல கெடக்கு.”

“திண்டுக்கல்லுல ஏன்யா இதை எடுத்துக் காட்டல?”

“காட்டியிருந்தா அன்னையோட சாவியத் தொடமாட்டீங்க.” பொன்னுச்சாமி நோட்டை மூடினார். “ரெண்டு வருசமா இப்படித்தான்ணே. மதுரைல, சிவகாசில எல்லாருக்கும் தெரியும். நீங்க விட்ட புள்ளிய நாங்களே போட்டுக்குவோம். ஒருத்தரும் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்.”

மனுவேல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைக்கு ஆள் வந்தது, போனது. தினமும் காலையில் தான் அடித்ததும், அவர்கள் ‘எல்லாம் சரியாக வந்தது’ என்று பதில் சொன்னதும், ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து ஒவ்வொன்றாக இடிந்தது. இரண்டு வருஷம் இரக்கத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த இரக்கத்தில் ஒரு குழந்தை போய்விட்டது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பொன்னுச்சாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பொன்னுச்சாமி வேறு பக்கம் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பியதும் எல்லா ஹாம்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். எழுத்துக் கோணலாக வந்ததால் இசபெல்லாவிடம் டைப் செய்து வாங்கினார். தன் கை தவறியதால் செய்தி தவறியது, பொன்னுச்சாமியைப் பழித்தது தன் குற்றம் என்று அதில் இருந்தது. பிறகு இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது.

வெள்ளகவிக்கு இறங்க அவருக்குப் பாதி நாள் ஆனது. ராமரும் கருப்பம்மாளும் வீட்டுக்கு முன்னால் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மனுவேல் நின்றபடியே சொன்னார். மோர்ஸ் என்றால் என்ன, புள்ளி என்றால் என்ன என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லி முடியாது. ஆகவே, ஊர்ப்பெயரை நான் தப்பாக அனுப்பிவிட்டேன், ஜீப் வராததற்கு நான்தான் காரணம், பெரியகுளத்துக்காரர் இல்லை என்று சொன்னார்.

 ராமர் குனிந்து பூண்டைப் பரப்பிக்கொண்டே இருந்தான். கருப்பம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னைக்கு வண்டி வந்துருந்தா புள்ள பொழச்சிருக்குங்களா?”

 

“தெரியலம்மா,” என்றார்.

 முற்றத்து வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்த அவருடைய கையை அவள் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவர் கையில் கொடுக்காமல், பக்கத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.