விசிலுக்குக் கட்டுப்பட்ட பன்மை

ஆங்கில டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் தலைமை ஆசிரியையின் கண் என் மேல் விழுந்தது. நான் விளையாட்டு ஆசிரியர். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், ஸ்கோர் போர்டில் எழுதும் அளவுதான்.

"மூணாம் வகுப்புக்குப் பன்மை மட்டும் சொல்லிக் குடுங்க சார். வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாங்க. பிள்ளைங்க முழிச்சா உங்க விளையாட்டு பீரியடையும் ஆங்கிலத்துக்கு எடுத்துக்குவேன். வருஷம் முழுக்க."

வாரத்துக்கு இருப்பதே ஒரு பீரியட். அந்த நாற்பது நிமிஷத்துக்காகவே பள்ளிக்கு வருகிறவர்கள் உண்டு. நானும் அதில் சேர்த்திதான்.

புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாவது விதியிலேயே மூச்சு வாங்கியது. மைதானத்தை ஐந்து சுற்று ஓடினாலும் வாங்காத மூச்சு. சரி, நமக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று விசிலை எடுத்தேன். வெறும் 'எஸ்' போதுமென்றால் ஒரு குதி. 'இஎஸ்' என்றால் இரண்டு. 'ஒய்' போய் 'ஐஇஎஸ்' வந்தால் உட்கார்ந்து எழ வேண்டும். மூன்றே நாளில் பிள்ளைகள் பிய்த்து உதறினார்கள். கூடவே குதித்ததில் எனக்கும் கொஞ்சம் ஆங்கிலம் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மா வந்தார். "எல்லாரும் கை கட்டி, அசையாம உக்காருங்க" என்றார். ஊதத் தூக்கிய விசிலைக் கீழே விட்டேன்.

"பாக்ஸ்?"

ஒரு வாயும் திறக்கவில்லை. முப்பது ஜோடி முழங்கால்கள் மட்டும் பெஞ்சுக்கடியில் துடித்தன. தலைமை ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி பீரியட் போய்விட்டது.

"பேபி?"

கடைசி பெஞ்சில், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் சிறுமி கையைத் தூக்கினாள். "மேடம், எந்திரிச்சுச் சொல்லட்டா?"

"சொல்லு."

"எல்லாருமே எந்திரிக்கணும் மேடம். உக்காந்தா வர மாட்டேங்குது."

அதிகாரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் விசிலை ஊதினேன். முப்பது பேரும் உட்கார்ந்து எழுந்து "பேபீஸ்" என்றார்கள். இரண்டு முறை குதித்து "பாக்ஸஸ்" என்றார்கள். சுவரிலிருந்த உலக வரைபடம் கழன்று விழுந்தது. அதிகாரி கை தட்டினார்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. முறை மிகச் சிறப்பாக உள்ளதால் எல்லா வகுப்புகளிலும் தொடரவும். குதிக்க இடம் தேவை என்பதால் விளையாட்டு பீரியடை இதற்கே பயன்படுத்தவும்.

தோற்றிருந்தால் பீரியட் சும்மா போயிருக்கும். ஜெயித்ததால் பாராட்டோடு போனது.

மைதானத்தில் வரிசையாக நின்ற ஒரு முகத்திலும் களை இல்லை.

"இனிமே பந்தே கிடையாதா சார்?" என்றாள் நெட்டை.

"பந்தைக் குடுத்தா என் வேலை போயிடும்மா."

"விளையாடிட்டே சொல்றோம் சார். பெரிய டீச்சர் ஜன்னல்ல தெரிஞ்சா சத்தமாச் சொல்றோம்."

இந்த வயதில் எனக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் நானே அதிகாரி ஆகியிருப்பேன். பந்தை உருட்டிவிட்டு, பாடக்குறிப்பேட்டில் 'பன்மை, செய்முறை' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் தலைமை ஆசிரியை ஜன்னலுக்கு வந்தார். பந்தோடு ஓடிய நெட்டை நிற்காமலே "பேபீஸ்" என்று கத்தினாள். கோல்கீப்பர் "பாக்ஸஸ்" என்று பதில் சொல்லிக்கொண்டே கோலை விட்டான். தலைமை ஆசிரியை மனம் நிறைந்து, பக்கத்திலிருந்த ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு எங்களைக் கையால் காட்டினார்.

நான் விசிலை ஊதவில்லை. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது.