வெரோனாவிடம் பால் குடித்தவள்

கடிதம் பிரிக்கப்பட்டபோது ஸ்டெல்லிங் வீட்டுச் சமையலறையில் நான்கு பேர் இருந்தார்கள். வீட்டுக்கு உடையவர் ஹின்ரிஹ் ஸ்டெல்லிங், வயது எழுபத்தொன்று. அவருடைய தம்பி யாகோப். மகள் கேசா. பக்கத்துப் பண்ணை லூடர் ப்ரூமர். வேறு யாரும் இல்லை. தாமும் இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் அன்று அங்கே இல்லை.

ப்ரூமர் அந்த வீட்டுப் படியேறுவது வருடத்துக்கு ஒருமுறை. எல்பே ஆற்றைவிடத் தாழ்ந்த நிலம் அது. இரண்டு பண்ணைகளுக்கும் நடுவே ஓடும் வடிகாலைத் தூர்வாராவிட்டால் இருவர் வயலும் மூழ்கும். அதற்காக மட்டும் பேசுவார்கள்; அன்றும் அதற்குத்தான் வந்திருந்தார். மற்றபடி இரண்டு குடும்பங்களுக்கும் அப்பா காலத்திலிருந்தே பேச்சு இல்லை.

தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனதும் ஹின்ரிஹ் அதை மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். குதிரை வளர்ப்போர் சங்கத்தின் முத்திரை. மூன்று வாரத்துக்கு முன் பெட்டைக் குதிரைகளின் கண்காட்சியில் அவருடைய மூன்று வயது டாலியா முதலிடம் பெற்றிருந்தாள். பரிசுப் பத்திரம்தான் வந்திருக்கிறது என்று நினைத்தார். ப்ரூமர் கேட்கட்டும் என்றும் நினைத்தார்.

"கேசா, சத்தமா படி."

கேசா கையை நீட்டவில்லை. "நீங்களே படிங்கப்பா. கண்ணாடி இங்கதான் இருக்கு."

அவரே படித்தார். வம்சாவளியின் முதன்மைப் பேரேட்டில் சேர்ப்பதற்காகப் பிடரியிலிருந்து பறித்து அனுப்பிய மயிர்க்கால்களின் மரபணுவைச் சோதித்ததில், தந்தை டாமோன் என்பது பொருந்துகிறது. தாய் வெரோனா என்பது பொருந்தவில்லை. மூன்று வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தேவை. அதுவரை இக்குதிரை எந்தப் போட்டியிலும் இறங்கக் கூடாது.

ஹின்ரிஹ் சிரித்தார். "எவனோ உறைய மாத்திப் போட்டிருக்கான்."

யாகோப் காப்பிக் கோப்பையின் காதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கேசா ஜன்னலைப் பார்த்தாள். ப்ரூமர் வெண்ணெய்க் கேக்கை மென்றுகொண்டிருந்தார். ஆச்சரியப்பட வேண்டிய மூன்று முகங்களில் ஒன்றில்கூட ஆச்சரியம் இல்லை. ஹின்ரிஹுக்கு விஷயம் புரிந்தது அந்த முகங்களிலிருந்துதான், கடிதத்திலிருந்து அல்ல.

அந்தச் சீமையில் ஆண்குதிரை அரசாங்க லாயத்துடையது. யார் வேண்டுமானாலும் தம் பெட்டையை அதனிடம் கொண்டுபோகலாம். குட்டிக்குத் தகப்பனின் முதலெழுத்தில் பெயர் வைப்பார்கள், அதோடு தகப்பன் உறவு முடிந்தது. பெட்டைவழிதான் வீட்டின் சொத்து. ஸ்டெல்லிங் வீட்டில் குட்ரூன் என்ற பெட்டையில் தொடங்கி, தாயிடமிருந்து மகளுக்கு என்று ஒன்பது தலைமுறை. இரண்டு போர்களிலும் ராணுவம் லாயத்தைக் காலி செய்தபோதுகூட ஒவ்வொரு பெட்டையை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய வழி. ஒன்பதாவது வெரோனா. வருடா வருடம் அவள் போட்டதெல்லாம் ஆண் குட்டிகள். பத்தொன்பதாம் வயதில் டாலியா வந்தாள். போன குளிர்காலத்தில் வெரோனா செத்தபோது, மகள் இருக்கிறாள் என்ற தெம்பில் ஹின்ரிஹ் கண் கலங்காமல் அவளை வண்டியேற்றினார்.

"சொல்லு," என்றார் தம்பியிடம்.

"நீ ஆஸ்பத்திரியில கெடந்தே, ஹின்ரிஹ். நெஞ்சப் பொளந்து தச்சிருந்தாங்க. வெரோனா போட்டது செத்த குட்டி."

"பொட்டையா?"

"பொட்டதான்." யாகோப் ப்ரூமரைக் காட்டினார். "அன்னிக்குக் காலையிலதான் இவரோட பொட்ட லின்டா, குட்டி போட்ட கையோட ரத்தம் நிக்காம போயிருச்சு. அங்க பாலில்லாத குட்டி, இங்க குட்டியில்லாத பால். ரெண்டுக்கும் தகப்பன் அதே டாமோன்தான். கால்நடை டாக்டர்தான் ரெண்டு பக்கமும் போன் போட்டாரு. செத்ததோட தோல உரிச்சு இதும்மேல போத்தி விட்டேன். வெரோனா மோந்து பாத்துட்டு, தன் குட்டின்னு நெனச்சு பால் குடுக்க நின்னுட்டா."

அதில் குற்றமில்லை. ஹின்ரிஹே தம் கையால் இரண்டு முறை அப்படித் தோல் போர்த்தியிருக்கிறார். தாயற்ற குட்டியைச் சாகவிடுபவன் அந்த ஊரில் மனிதனே இல்லை.

"சரி. எனக்குப் போன்ல என்ன சொன்ன?"

"பொட்டக் குட்டின்னு சொன்னேன்."

"யாரோடதுன்னு சொல்லல."

"நீ அழுத, ஹின்ரிஹ். நம்ம அப்பா செத்தப்பகூட அழாதவன் நீ. அப்பறம் எப்படிச் சொல்லுவேன்? வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். வந்த. நேரா லாயத்துக்குப் போயி அத வாஞ்சையா தடவிக்கிட்டு நின்ன."

அந்த வருடம் ஜூன் மாதம் குட்டிகளைப் பதிய சங்கத்து ஆள் வந்தார். எந்தப் பெட்டையின் மடியில் குட்டி முட்டுகிறதோ அதுவே தாய் என்பது அவர்கள் காலங்காலமாக நம்பி வந்த வழக்கம். டாலியா வெரோனாவின் மடியில் முட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுதிக்கொண்டார். ஹின்ரிஹ் கைத்தடியோடு பக்கத்திலேயே நின்று, "இடுப்பப் பாருங்க. குட்ரூன் இடுப்பு," என்று சொன்னார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற யாகோப் வாய் திறக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" மகளைக் கேட்டார்.

"மொத நாள்லேருந்தே. தோல் போத்தறப்ப நான்தான் வெரோனா தலையப் புடிச்சிருந்தேன்."

"மூணு வருஷம். நீ அவளுக்கு நடை பழக்கறப்ப வேலியில சாஞ்சு நின்னு, அந்தத் துள்ளோட்டம் வெரோனாவோடது, அந்தக் கழுத்து அவ பாட்டியோடதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அப்பல்லாம் என்ன நெனச்சுக்கிட்டே?"

"நீங்க பேசறத நிறுத்தினா போதும்னு நெனச்சேன்."

அப்போது ப்ரூமர் வாயைத் துடைத்துக்கொண்டார். "கழுத்து எங்க லின்டாவோடது. எங்கப்பா அந்தக் கழுத்துக்காகவே அவ அம்மாவ வாங்கினாரு."

"நீங்க ஏன் வாய மூடிக்கிட்டிருந்தீங்க?"

"நெசத்தச் சொல்லவா? சந்தோஷமா இருந்துச்சு. ஊர்த் துப்பாக்கி சுடுற கழகத்து விருந்துல நீங்க எந்திரிச்சு நின்னு ஒம்பது தலைமொறையப் பத்திப் பேசுவீங்க. நான் ஒரு கோப்பை போட்டுக்கிட்டு கேட்டுக்கிட்டிருப்பேன். எங்க வீட்டுப் புள்ளைய ஸ்டெல்லிங் தலையில தூக்கி வச்சு ஆடறாரு. இத எந்த நாடகத்துல பாக்க முடியும்?"

"யார்கிட்டல்லாம் சொன்னீங்க?"

"பொண்டாட்டிகிட்ட. அப்பறம் கழகத்துல என் மேசையில ரெண்டு மூணு பேரு. அவங்க யாருகிட்டச் சொன்னாங்களோ."

கண்காட்சியில் கைதட்டியவர்களை ஹின்ரிஹ் எண்ணிப் பார்த்தார். முதல் வரிசை முழுவதும் துப்பாக்கிக் கழகம். தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் சொன்னவர்கள்.

யாகோப் மேசைமேல் சாய்ந்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வெரோனாவோட பழைய முடி மாதிரிய ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எடுத்தாங்க. அதுலதான் தப்புன்னு எழுதிப் போடு. அவ மண்ணோட போயாச்சு. திரும்ப எடுக்க முடியாது. உன் பேரு, உன் வாக்கு. உன் வாக்க யாரு சந்தேகப்படுவா?"

"நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றார் ப்ரூமர்.

"அப்பா," என்றாள் கேசா. முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "ஆகஸ்டுல வெர்டன் போட்டி. மூணு வயசுக் குதிரைக்கு இது ஒரே தடவதான். இவளுக்காக நான் வேற எந்தக் குதிரையிலயும் ஏறல. காகிதத்துல அம்மா யாரா இருந்தா என்ன? நடக்கறது அவ கால்தான்."

ஹின்ரிஹ் மகளைப் பார்த்தார். அவள் சொன்னது நியாயம் என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று வருடம் தன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பொய் சொன்ன வாயிலிருந்து அது வருகிறது என்பதும் தெரிந்தது.

"என் வாக்க யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னுதானே மூணு பேரும் அதுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தீங்க," என்றார். "பேனா எங்க?"

அந்த மேசையிலேயே, அவர்கள் முன்னாலேயே எழுதினார். தாய் வெரோனா அல்ல, லின்டா. குட்டிக்கு உரியவர் ஸ்டெல்லிங் அல்ல, லூடர் ப்ரூமர். லின்டாவின் மாதிரி சங்கத்திலேயே இருக்கும், சரிபார்க்கவும். கண்காட்சிப் பரிசு எங்களுக்கு உரியதல்ல. குட்ரூன் வழி வெரோனாவோடு முடிந்தது.

யாருடைய பெயரையும் குற்றம் சாட்டி எழுதவில்லை. பதிந்த அன்று பக்கத்தில் நின்றவன் நான் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"யாகோப் பேரு?" என்றார் ப்ரூமர்.

"அவனும் ஸ்டெல்லிங்தான்."

யாகோப் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். ஹின்ரிஹ் அவர் பக்கம் திரும்பவில்லை. அன்று தொடங்கி தம்பியோடு அவர் பேசியதெல்லாம் ப்ரூமரோடு பேசுவதைப் போலத்தான், தீவனம், வடிகால், வானிலை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாலியாவுக்குக் குளம்பு துடைத்து, பிடரி வாரி, நல்ல தோல் கடிவாளம் போட்டு, கரைச்சாலை வழியாக அவரே நடத்திக்கொண்டு போனார். வண்டியில் ஏற்றியிருக்கலாம். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் நடந்தார். அவள் அழகாக நடந்தாள். பின்னங்கால் முன்னங்கால் தடத்தைத் தாண்டி ஒரு குளம்பு அகலத்துக்கு விழுந்தது. அதை யாருடைய நடை என்று சொல்ல அவருக்கு இப்போது வார்த்தை இல்லை.

ப்ரூமர் முற்றத்துக்கு வந்து தலையைச் சொறிந்தார். "குடுத்தது குடுத்ததுதான். வச்சுக்கங்க. நான் வெளையாட்டா நெனச்சது இவ்வளவு தூரம் போகும்னு நெனக்கல."

"எனக்குத் தெரியாம என் லாயத்துல வச்சது குடுத்ததாகாது. புடிங்க."

ப்ரூமர் பிடித்துக்கொண்டார். டாலியா புது லாயத்தை நோக்கி ஒருமுறை கனைத்தாள். ஹின்ரிஹ் வெறுங்கையோடு திரும்பி நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை கேசா தன் சேணத்தை எடுத்துக்கொண்டு ப்ரூமர் பண்ணைக்குப் போனாள். பதிவைத் திருத்த நாளாகும் என்பதால் வெர்டன் போட்டி கைவிட்டுப் போயிருந்தது; போட்டிதான் போச்சு, குதிரை போகவில்லையே என்றாள். ஹின்ரிஹ் தடுக்கவில்லை. தினமும் காலையில் வடிகாலுக்கு அந்தப் பக்கம் மகள் பயிற்சி கொடுப்பது சமையலறை ஜன்னலில் தெரியும். அவர் தம் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஊரில் ஒரு பேச்சு இன்னும் ஓடுகிறது. கழகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்தது வீட்டுத் தலைவருக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும், ஹின்ரிஹுக்கு முதலிலிருந்தே தெரியும், சோதனையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் யோக்கியராக மாறினார் என்று. அது பொய். அவருக்குத் தெரியாது.